ஆஸ்பத்திரி யாருடையது?

(கரவெட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பொதுச் சுகாதாரம் என்ற பொருளிலே பேசும்படி என்னைப் பணித்திருக்கின்றீர்கள். யான் வைத்தியனல்லன், வழக்குரைப்பவன். நோயைப் பற்றி என்னிலும் நன்கறிந்தோர் இம்மண்டபத்தின் முன்வரிசையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆகவே நோயைப் பற்றி யான் பேசப்போவதில்லை. என் தொழிலுக்கேற்ற கேள்வியொன்றையே உங்கள் முன் வைக்கப்போகின்றேன். ஓர் ஆஸ்பத்திரி யாருடையது? அதன் காணி எவர் பெயரில் இருக்கின்றதென்று யான் கேட்கவில்லை. அதைக் கச்சேரி ஏட்டிலே பார்த்துக்கொள்ளலாம். அதன் வாசலில் நிற்கும் ஏழையொருத்தி, "இது என்னுடையது" என்ற எண்ணத்தோடு தலைநிமிர்ந்து உள்ளே போகின்றாளா என்பதே என் கேள்வி.

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. சில மாதங்களுக்கு முன் காணி உறுதி விடயமாக ஒரு தாய் என்னைக் காண வந்தார். வெங்காயத் தோட்டங்களிலே கூலிக்குப் புல்லுப் பிடுங்கிச் சீவிப்பவர். காலிலே சீலைத்துண்டு சுற்றியிருந்தது. நீரிழிவினால் ஆறாத புண். "கிளினிக்குக்குப் போகவில்லையா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "போனா அண்டையான் கூலி போச்சு, ஐயா. போனாலும் அவை சொல்லுறது எனக்கு விளங்காது. திருப்பிக் கேட்டா எரிஞ்சு விழுவினம். எனக்காகக் கேக்க அங்கை ஆர் இருக்கினம்?"

அன்பர்களே! இந்நாட்டிலே அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் பணம் கேட்பாரில்லை. இலவச வைத்திய சேவை இந்நாட்டு மக்கள் பெற்ற பெருஞ்செல்வங்களுள் ஒன்று. அதைக் காப்பது நம் அனைவரின் கடன். இங்கு மருந்து கொடுப்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர். ஆயினும் அத்தாய் போகவில்லை. அவரைத் தடுத்தது பணமன்று, தூரமன்று, வேற்று மொழியுமன்று. "எனக்காகக் கேட்க அங்கே யார் இருக்கின்றார்கள்?" என்ற அந்த ஒரு வசனத்துக்கு விடை தேடுவதே இன்றைய என் உரை.

மானிப்பாயும் மூளாயும்

இவ்விடயத்திலே நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் அவரால் வேரூன்றின. தொடக்கத்திலே ஆங்கிலத்திற் கற்பித்த அவர், கற்றவர் மக்களோடு நின்று பணியாற்ற வேண்டுமாயின் தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென்று துணிந்து, 1860களில் தமிழுக்கு மாறினார். "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்" முதலிய பெருநூல்கள் தமிழில் வெளிவந்தன. அவரிடம் பயின்ற வைத்தியர்கள் அறுபதின் மேற்பட்டோர். நோயாளியின் மொழியிலே வைத்தியம் நடவாத இடத்தில் நோயாளி அந்நியன் என்ற உண்மையை, உலகின் வேறெந்த மூலையிலும் பலர் உணருமுன்னரே மானிப்பாய் உணர்ந்துவிட்டது.

ஆயினும் அது அயலார் நமக்குத் தந்த கொடை. அடுத்த அடியை நம்மவரே எடுத்து வைத்தனர். 1930களில் மூளாயிலே கூட்டுறவு ஆஸ்பத்திரி எழுந்தது. ஊர் மக்கள் அங்கத்தவராகச் சேர்ந்து, தமக்கென ஓர் ஆஸ்பத்திரியைக் கூட்டுறவு முறையில் அமைத்துக் கொண்டனர். கடன் வாங்கவும் புகையிலை விற்கவும் சங்கம் அமைத்த கமக்காரன், வைத்தியத்துக்கும் சங்கம் அமைக்கலாமென்று காட்டினான். கொடை பெற்றவன் பங்காளியானான். இது சிறு மாற்றமன்று.

ஆனால் ஒரு வழக்கறிஞனுக்குரிய குறுக்கு விசாரணையை இங்கும் யான் நடத்தியாக வேண்டும். பங்குப்பணம் கட்ட முடிந்தவன் பங்காளியானான், சரி. பங்குப்பணமும் கட்ட முடியாதவன், காணியற்றவன், எழுத்தறியாதவன், சபையில் எழுந்து பேச அஞ்சுபவன், இவனைப் பங்காளியாக்கும் வழி என்ன? அதற்கு விடை தேடிக் கடல் கடந்து சிறிது தூரம் செல்ல வேண்டியிருக்கின்றது.

கூடலூர் காட்டிய வழி

தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்திலே, கேரளமும் கர்நாடகமும் சந்திக்கும் மூலையிலே கூடலூர் இருக்கின்றது. அவ்வூர்ப் பெயர் நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் கப்பலேற்றப்பட்ட மலையகத் தமிழ் மக்களிற் பல்லாயிரவர் போய்க் குடியேறிய இடங்களுள் கூடலூர்ப் பகுதியும் ஒன்று. ஆனால் யான் இன்று சொல்லப்போவது அவர்களுக்கும் முன்னரே அம்மலைகளில் வாழ்ந்த ஆதிவாசிகளைப் பற்றி. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து குலத்தினர். அவர்களுட் பணியர் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலிலே அடிமை வேலை செய்தவர். காடு அவர்களுடையது, காட்டுக்கு உறுதி மட்டும் அவர்களிடம் இல்லை. உறுதி இல்லாதவனுக்கு உலகத்தில் என்ன கதியென்பதை யாழ்ப்பாணத்தவருக்கு யான் விளக்க வேண்டியதில்லை.

1980களின் நடுப்பகுதியிலே ஸ்டான் தேக்கேக்கரா, மாரி தேக்கேக்கரா என்னும் தம்பதியர் அங்கு சென்று "அக்கோர்ட்" என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் முதலில் ஆஸ்பத்திரி கட்டவில்லை, சங்கம் கட்டினர். சிற்றூர் தோறும் சிறு சங்கங்கள் எழுந்தன; அவை திரண்டு ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாயின. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் ஆயிரமாயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதியிலே ஊர்வலம் போயினர். அதுவரை அவ்வீதியில் ஒதுங்கி நடந்தவர்கள் அன்று வீதியின் நடுவே நடந்தார்கள்.

சுகாதார வேலையும் இச்சங்கத்தின் மடியிலேதான் பிறந்தது. 1987இல் டாக்டர் தேவதாசன், டாக்டர் ரூபா தேவதாசன் என்னும் இளம் வைத்தியத் தம்பதியர் அங்கு வந்தனர். பிள்ளைப்பேற்றிலே தாய்மார் மாண்டனர். வயிற்றோட்டத்திலே குழந்தைகள் மாண்டன. இவற்றுக்கு அரிய மருந்து வேண்டியதில்லை. எனினும் ஆதிவாசிகள் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தனர். ஏன்? அங்கே தம்மை இழிவாக நடத்துவார்கள் என்பதனாலே. நம் கரவெட்டித் தாயின் மறுமொழியும் இதுவே அன்றோ!

அவ்வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? சிற்றூர் ஒவ்வொன்றும் தன்னுள்ளிருந்தே ஒருவரைத் தெரிந்தனுப்பச் செய்து, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தனர். கர்ப்பிணியைக் கணக்கெடுக்கவும், குழந்தையை நிறுக்கவும், ஊசி போடும் நாளை வீடு வீடாகச் சொல்லவும், ஆபத்தின் அறிகுறியைக் கண்டு உடனே அழைத்து வரவும் அவர்கள் பழகினர். பின்னரே, "எங்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும்" என்ற குரல் மக்களிடமிருந்து எழுந்தது. 1990இல் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி சிறிய அளவிலே தொடங்கிற்று. அதனை நடத்த "அஸ்வினி" என்னும் சங்கம் பதியப்பட்டது. அறுவை வைத்தியர் நந்தகுமார் மேனனும் மகப்பேற்று வைத்தியர் ஷைலா தேவியும் வந்து சேர்ந்தனர்.

அந்த ஆஸ்பத்திரியின் தாதியர் யார் என்று கேளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆதிவாசிப் பெண்கள்! அவர்களுக்கே ஆண்டுக்கணக்காகப் பயிற்சி கொடுத்துத் தாதியராக்கினர். நோயாளி படலையைத் திறந்து உள்ளே வரும்போது அவள் மொழியிலே அவளை வரவேற்பவள் அவள் குலத்துப் பெண். "எனக்காகக் கேட்க அங்கே யார் இருக்கின்றார்கள்?" என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது.

பணத்துக்கு என் செய்தனர் என்று கமக்காரப் பெருமக்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. 1992 முதல் சங்க அங்கத்தவர்கள் அனைவருக்குமாக ஓர் அரசுடைமைக் காப்புறுதிக் கம்பனியிடம் கூட்டுக் காப்புறுதி எடுத்தனர். ஆண்டுதோறும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு தொகையைத் தன் பங்காகக் கொடுத்தது. அத்தொகையால் ஆஸ்பத்திரியின் செலவு முழுவதும் அடைந்துவிடவில்லை. வெளியார் உதவியும் தேவைப்பட்டது. ஆனால் அச்சிறு தொகை வேறொரு வேலையைச் செய்தது. பணம் கட்டியவன் கணக்குக் கேட்டான். கணக்குக் கேட்டவன் குறை சொன்னான். குறை சொன்னவன் குழுவில் அமர்ந்தான். பிச்சை வாங்கியவன் எவனாவது கணக்குக் கேட்டதுண்டா?

இவ்வாறு அது வளர்ந்தது. சிற்றூரிலே சுகாதாரப் பணியாளர், ஊர்த் தொகுதிக்கொரு நிலையம், நடுவிலே ஆஸ்பத்திரி என மூன்று படிகள் அமைந்தன. அப்பகுதி ஆதிவாசிகளிடையே மரபு வழியாக வரும் அரிவாளணுச் சோகை என்னும் இரத்த நோய் இருப்பது கண்டறியப்பட்டு, அந்நோயாளர் இடைவிடாது பராமரிக்கப்பட்டனர். வைத்தியர் வெளியிலிருந்து வந்தவரே; நிதியும் முழுவதும் உள்ளூரினதன்று. இக்குறைகளை யான் மறைக்கவில்லை. ஆனால் அது யாருடைய ஆஸ்பத்திரி என்று அவ்வூர் வீதியிலே எவரைக் கேட்டாலும் ஒரே விடையே வரும். அதன் பெயரே அதைச் சொல்கின்றது.

செல்வ நாட்டிலும் இதே கதை

இது ஏழை நாட்டுக்குரிய கதையென்று எண்ணிவிடாதீர்கள். 1940இல் தென்னாபிரிக்காவின் போலேலா என்ற இடத்திலே சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் வைத்தியத் தம்பதியர் ஒரு கிராமச் சுகாதார நிலையத்தைத் தொடங்கினர். அவர்களிடம் மாணவனாகச் சென்று பழகிய ஜாக் கைகர் என்ற அமெரிக்கர், 1960களில் மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பாயூவில் கறுப்பின மக்களுக்காக ஒரு நிலையத்தை அமைத்தார். வந்த குழந்தைகளின் முதல் நோய் பசி. ஆகவே வைத்தியர்கள் மருந்துச் சீட்டிலே உணவை எழுதிக் கொடுத்தனர்; மருந்துக்கென வைத்த பணத்திலிருந்து அதற்குச் செலவு செய்தனர். மேலதிகாரிகள் ஆட்சேபித்தபோது, பசிக்கு மருந்து உணவே என்பது வைத்திய நூலின் முடிபென்று கைகர் வாதாடினார். அங்குள்ளோர் கிணறு தோண்டினர். கூட்டுறவுப் பண்ணை அமைத்துக் காய்கறி விளைவித்தனர். நோயின் வேர் வயலிலும் கிணற்றிலும் இருக்கையில் கிளையைத் தடவிப் பயனென்ன?

அவ்வழியிலேயே 1971இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலே, ஸ்பானிய மொழி பேசும் இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் வாழும் பகுதியில், மாணவரும் ஊரவரும் சேர்ந்து "லா கிளினிக்கா" என்னும் சிறு மருந்தகத்தைத் திறந்தனர். உழைக்கும் அம்மக்களுக்கு ஆங்கிலம் வராது; வைத்தியருக்கு ஸ்பானியம் வராது. நோயாளியின் மொழி பேசுவோரை வைத்துக்கொண்டு, தொண்டர்களால் ஒரு கடையறை அளவில் தொடங்கிய அது, இன்று பல மாவட்டங்களிற் பல நிலையங்களாகப் பரந்திருக்கின்றது. கிறீன் மானிப்பாயிற் கண்டதை, ஒரு நூற்றாண்டு கழித்து அவருடைய நாட்டவரே தம் நாட்டிற் கண்டுகொண்டனர்.

வழக்கறிஞனாகிய என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அமெரிக்காவின் சமூகச் சுகாதார நிலையங்களுக்கு மத்திய அரசின் மானியம் கிடைக்க வேண்டுமாயின், அவற்றின் ஆட்சிக் குழுவிலே பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையத்தில் வைத்தியம் பெறுவோராகவே இருத்தல் வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். பாதிக்கு மேல் என்பதைக் கவனியுங்கள்! ஒருவரை அழைத்து மூலையில் இருத்திப் படம் பிடித்தால் போதாது. தீர்மானிக்கும் கை நோயாளியின் கையாக இருக்க வேண்டும்.

"அறியாதவர்களைக் குழுவில் வைத்தால் ஆஸ்பத்திரி கெட்டுவிடாதா?" என்று படித்த அன்பர் சிலர் என்னைக் கேட்டனர். மேல் நீதிமன்றத்திலே கொலை வழக்கை விசாரிக்க ஜூரிமாரை வைக்கின்றோமே, அவர்கள் சட்டம் படித்தவர்களா? சட்டத்தை நீதிபதி சொல்வார். நடந்தது என்னவென்பதை ஜூரிமார் சொல்வர். அதுபோல எந்த நோய்க்கு எந்த மருந்தென்பதை வைத்தியர் சொல்லட்டும். எந்த நேரத்திலே கதவு திறக்க வேண்டும், எந்த இடத்திலே மனிதர் அவமதிக்கப்படுகின்றனர், எந்த வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை என்பவற்றை நோயாளியைவிட நன்கறிந்தவர் யார்?

நம் வாசல்

அன்பர்களே! இனிச் சொல்லப்போவது கசக்கும். ஆயினும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

முற்கூறிய தாயுடன் யான் கிளினிக்குக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. என்னைக் கண்டதும் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். புண்பட்ட காலோடு அத்தாய் நின்றுகொண்டிருந்தார். நோயற்ற யான் அமர்ந்தேன். அமர்ந்தபின்னரே நான் செய்தது எனக்கு உறைத்தது. நாற்காலி போட்டவரில் எனக்குக் கோபமில்லை. அவர் கையைப் பழக்கியது நம் சமுதாயம். அந்நாற்காலியிலே அமர என்னைப் பழக்கியதும் அதுவே.

கொழும்பிடம் நாம் உரிமை கேட்கின்றோம். நம்மை நாமே ஆள வேண்டும், நம் விடயங்களை நாமே தீர்மானிக்க வேண்டும் என்கின்றோம். அது நியாயமான கோரிக்கை. அதற்காகவே யான் என் வாழ்நாளின் நற்பகுதியைச் செலவிட்டிருக்கின்றேன். ஆனால் சபையிலே இடமில்லாதவனுக்கு நீதி கிடையாதென்று கொழும்புக்கு எடுத்துரைக்கும் நாம், அதே சட்டப் புத்தகத்தை நம் ஊர்ச் சபைகளிலே விரித்துப் பார்த்ததுண்டா? கிணற்றிலே தண்ணீர் அள்ளவும் தேநீர்க் கடையிலே அமரவும் நம்மவரே நம்மவரைத் தடுத்தமையாலன்றோ 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பிறந்தது! சட்டம் வாசலைத் திறக்கும். உள்ளே நாற்காலி போடுவது நம் கடமை.

இதற்கும் முன்மாதிரியைத் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. பள்ளி வாசலிலே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்காக, இந்தக் கரவெட்டி மண்ணிலேயே சூரன் அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தேவரையாளியில் ஒரு பாடசாலையை எழுப்பினார். அது இன்று தேவரையாளி இந்துக் கல்லூரியாக நிமிர்ந்து நிற்கின்றது. எவரும் கொடுக்கும்வரை காத்திராமல், தம் பிள்ளைகளுக்குத் தாமே எழுப்பிய கல்விக்கூடம் அது. கல்வியிலே முடிந்தது வைத்தியத்திலே முடியாதா?

செய்ய வேண்டுவன

காலம் நமக்காகக் காத்திராது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்பின் நூற்றுக்கணக்கான வைத்தியர் இந்நாட்டை விட்டு வெளியேறினர். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மாகாணத்துக்குரிய சுகாதாரம் மக்கள் பிரதிநிதிகளின் பார்வையின்றியே நடந்தது. இந்நிலையில் மேலிருந்து ஒன்று வருமென்று வாளாவிருத்தல் பேதைமை. நான்கு வேலைகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது: நம் ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் துணையாக நிற்கும் நலன்புரிச் சங்கங்களிலே பாதிக்கு மேற்பட்டோர் அங்கு மருந்தெடுப்போராக இருக்கட்டும், அவர்களிற் பாதி பெண்களாக இருக்கட்டும். மிகக் குறைவாக எந்தக் குறிச்சியினர் வருகின்றனரோ, அக்குறிச்சிக்கு முதலிடம் கொடுக்கப்படட்டும். இதற்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டியதில்லை. சங்கத்தின் யாப்பிலே ஒரு திருத்தம் போதும். அதை எழுதிக் கொடுக்க யான் ஆயத்தமாக இருக்கின்றேன்; கட்டணம் வேண்டேன்.

இரண்டாவது: கூலிக்குப் போகின்றவர்கள் கூலியை இழவாது வரக்கூடியதாகக் கிழமைக்கு ஒரு மாலையாவது நீரிழிவு, பிரஷர் கிளினிக் நடத்தும்படி சுகாதாரப் பகுதியினரைக் கேட்போம். ஒரு மனுவோடு நில்லாது, ஊர் முழுவதும் கையொப்பமிட்டுக் கேட்போம். குடும்ப நல உத்தியோகத்தருக்குத் துணையாக, ஒவ்வொரு குறிச்சியும் தன் பெண்ணொருத்தியைத் தெரிந்து பயிற்சிக்கு அனுப்பட்டும். அவளுக்கு ஒரு சிறு வேதனத்தை நம் சங்கங்கள் சேர்ந்து கொடுக்கட்டும்.

மூன்றாவது: கமக்காரப் பெருமக்களுக்கு. நம்முடையது சுண்ணக்கற் பூமி. மேலே போடும் யூரியா கீழே கிணற்றுக்கு இறங்குகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுதியென ஆய்வாளர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். பாற்குழந்தைக்கு அது ஆபத்து. மவுண்ட் பாயூ வைத்தியர்கள் கிணற்றிலிருந்து தொடங்கினார்கள். நாமும் நம் குடிதண்ணீர்க் கிணறுகளைச் சோதிப்பித்து, முடிவை வாசிகசாலையிலே எல்லோரும் காண ஒட்டுவோம்.

நான்காவது: பணம். கடல் கடந்து வாழும் நம் மக்கள் ஊரை மறக்கவில்லை. கட்டடம் எழுப்புகின்றார்கள், பெயர்க் கல்லும் நாட்டுகின்றார்கள். நன்று. ஆனால் கட்டடம் பேசாது. வாசலிலே நிற்பவளைப் பார்த்து "வாங்கோ அம்மா" என்று சொல்லாது. ஒரு கட்டடத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கையாவது அதற்குள் வேலை செய்யப்போகும் ஊர்ப்பெண்ணின் படிப்புக்கு அனுப்புங்கள் என்று அவர்களை வேண்டுகின்றேன். ஊரிலுள்ள குடும்பங்களும் வெங்காயம் விற்ற காலத்திலே ஒரு சிறு தொகையைச் சங்கத்துக்குக் கட்டட்டும். இயலாத குடும்பத்துக்குரியதைச் சங்கமே கட்டட்டும். ஆனால் அக்குடும்பத்தின் பெயரும் அதே ஏட்டிலே, அதே எழுத்திலே பதியப்படட்டும்.

பெரியோர்களே! அத்தாயின் கால் இப்போது ஆறி வருகின்றது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு யான் இன்னும் விடை கூறவில்லை. தனியொருவனாக என்னால் கூறவும் முடியாது. ஒரு வழக்கறிஞன் கூடப்போனால்தான் ஓர் ஏழைக்கு வைத்தியம் கிடைக்கும் என்றால் அது விடையாகாது. விடையை இந்தக் கூட்டமே கூற வேண்டும். வரப்போகும் நலன்புரிச் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு நீங்கள் தனியே வராதீர்கள். உங்கள் ஒழுங்கையிலே, இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத வீடு எதுவோ, அந்த வீட்டாரை அழைத்துக்கொண்டு வாருங்கள். அவர்களை முன்வரிசையிலே இருத்துங்கள். அதன்பின் யாப்புத் திருத்தத்தை எடுத்துப் பேசுவோம்.